கல்லூரிப் பிள்ளைகளும் கவுன்சிலர் அறையும்

(உலக மனநல நாளை ஒட்டி, 2025 அக்டோபர் 12 ஞாயிறு மாலை நமது குடியிருப்பின் கூட்ட அரங்கில் நடந்த சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன சந்திப்பில் மூத்த குடிமக்கள் வைப்புத்தொகை பற்றிப் பேசினேன். அதற்கு முன்னால் வருமான வரிப் படிவம். இந்த முறை செயலாளர் இந்தத் தலைப்பைக் கொடுத்ததும், "நான் பி.காம். படித்துவிட்டு 35 வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். மனநலத்தைப் பற்றி நான் என்ன சார் பேசுவது?" என்று கேட்டேன். "டாக்டர் பேசினால் டாக்டர் அப்படித்தான் பேசுவார் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் பேசுங்கள்" என்றார். அதனால் மருத்துவம் எதுவும் சொல்லப்போவதில்லை. கல்லூரிகளில் இப்போது இருக்கிற கவுன்சிலர் அறையைப் பற்றியும், அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிற நம்மைப் பற்றியும்தான் பேச்சு.

நம் ஊரில் கவுன்சிலிங் என்ற சொல்லே ஒரு குழப்பம். ஜூலை மாதம் வந்தால் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு நடக்கும். அதற்குப் பெயர் கவுன்சிலிங். கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர். குப்பை வண்டி வராவிட்டால் செயலாளர் போன் போடுவாரே, அவர். ஆகவே பேத்தி "கவுன்சிலரைப் பார்க்கப் போறேன்" என்றால் பாட்டி "எதுக்கு, தெருவிளக்கு எரியலையா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆற்றுப்படுத்துநர் என்று அழகான தமிழ்ச் சொல் ஒன்று உண்டு. ஆனால் இந்தக் கூடத்தில் எல்லோரும் கவுன்சிலர் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன்.

விஷயம் சின்னதல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் நாடு முழுவதும் தன்னுயிரை மாய்த்துக்கொண்டவர்கள் 1,70,924 பேர் என்று இருக்கிறது. அதில் மாணவர்கள் 13,044 பேர். பழக்க தோஷம், 365ஆல் வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 35 பேருக்கும் மேல். காவல் நிலையத்தில் பதிவானதை வைத்துப் போட்ட கணக்குதான் இது.

இந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் இதில் இரண்டு முறை தலையிட்டிருக்கிறது. மார்ச் 24 அன்று, உயர்கல்வி நிறுவனங்களில் நடக்கும் இந்த மரணங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. ஜூலை 25 அன்று இன்னொரு தீர்ப்பு. விசாகப்பட்டினத்தில் தங்கி நீட் பயிற்சி பெற்ற மேற்கு வங்கத்து மாணவி ஒருத்தியின் மரணம் பற்றி அவளுடைய தந்தை தொடுத்த வழக்கு அது. அந்த வழக்கோடு நிறுத்தாமல், எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் சேர்த்து வழிகாட்டு விதிகளைப் போட்டார்கள். 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் தகுதி பெற்ற கவுன்சிலரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். உதவி எண்களை விடுதியிலும் வகுப்பிலும் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும். ஊழியர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளை வகுப்புப் பிரித்து அவமானப்படுத்தக் கூடாது. பெற்றோருக்கும் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வேண்டும். கடைசி விதி கல்லூரிக்குப் போட்டது என்றாலும், இன்று மாலை இங்கே நாமாகவே அதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆக, அறை வந்துகொண்டிருக்கிறது. நாற்காலி போட்டாகிவிட்டது. பிள்ளைகள் போகிறார்களா? போகத் தயங்குகிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரிந்த நாலைந்து பிள்ளைகளிடம் கேட்டேன். எல்லோரும் சுற்றிச்சுற்றி ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "வீட்டுக்குத் தெரிஞ்சிடும் அங்கிள்."

அது ஏன் என்று புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். என் தம்பி மகள் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் படிக்கிறாள். "பேரைச் சொல்லாம சொல்லுங்க பெரியப்பா" என்று அனுமதி கொடுத்திருக்கிறாள். இரண்டாம் வருஷத்தில், மூன்றாவது செமஸ்டர் முடிவு வந்தபோது நான்கு பேப்பரில் அரியர். பிளஸ் டூவில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்த பெண். வீட்டில் முதலில் "இன்னும் ரிசல்ட் வரலை" என்றாள். இரண்டு வாரம் கழித்து "எல்லாம் கிளியர்" என்றாள். அவள் அம்மா பாயசம் வைத்து, அக்கம்பக்கத்துக்கும் சொல்லிவிட்டார். அதன்பிறகு வீட்டிலிருந்து வருகிற ஒவ்வொரு போனும் ஒரு புதுப் பொய்யைக் கேட்டது. போனை எடுப்பதை நிறுத்தினாள். தூக்கம் மூன்று மணி நேரமானது. காலை வகுப்புக்குப் போகாததால் வருகைப்பதிவும் சரிந்தது. அறைத் தோழிதான் ஒரு நாள் கையைப் பிடித்துக் கவுன்சிலரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

முதல் நாள் பாதி நேரம் அழுகை. அந்த அம்மா எதுவும் சொல்லவில்லையாம், தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்ததைத் தவிர. பிறகு தூக்கம், சாப்பாடு, கடைசியாக எப்போது சிரித்தாய் என்பதுபோல் சில கேள்விகள். அப்புறம் நேராக ஒரு கேள்வி: "உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" எனக்கு இதைக் கேட்டபோது தூக்கிவாரிப்போட்டது. அப்படி ஒரு பெண்ணிடம் கேட்கலாமா? அவள் சொன்னது: "கேட்டதும் பயமா இல்லை பெரியப்பா, அப்பாடான்னு இருந்துச்சு. அதுவரைக்கும் யாருமே கேக்கலை." பிறகு படித்துப் பார்த்தேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மனம் விட்டுப் பேசத்தான் வழி பிறக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நம் வீடுகளில் இந்தக் கேள்வியை நாம் வாயில் எடுப்பதே இல்லை. எடுத்தால் அது நடந்துவிடும் என்று ஒரு பயம். பிள்ளையின் முகம் சரியில்லை என்றால் கேட்கலாம். குரலை உயர்த்தாமல், சமையலறை வேலையை நிறுத்திவிட்டு, கேட்கலாம்.

அடுத்தடுத்த வாரங்களில் அந்த அம்மா செய்ததைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அப்பாவிடம் உண்மையைச் சொல்ல ஒத்திகை பார்த்தார்கள். கவுன்சிலர் அப்பாவாக நடித்திருக்கிறார். "நிஜமாவே அப்பா மாதிரியே கத்தினாங்க பெரியப்பா!" என்றாள். என்ன சொல்லலாம், அவர் கத்தினால் என்ன செய்யலாம், அம்மா அழுதால் என்ன செய்யலாம், எல்லாம் ஒத்திகை. நான்காவது வாரம் இவளே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

கவனிக்க வேண்டியது: அந்த அம்மா ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. நன்றாகப் படி என்றோ தினமும் தியானம் செய் என்றோ சொல்லவில்லை. அதைச் சொல்ல நாம் இருக்கிறோம், வாட்ஸ்அப் இருக்கிறது. மனநல ஆலோசகர் என்று போர்டில் எழுதிவைப்பதால் ஆலோசனை தருபவர் என்று நினைத்துக்கொள்கிறோம். 45, 50 நிமிடம் ஒருவர் பேசுவதை இடைமறிக்காமல் கேட்பதும், சிக்கலை அவரே பிரித்துப் பார்க்க உதவுவதும்தான் அவர்கள் வேலை. கவுன்சிலர் மாத்திரை எழுதித்தர மாட்டார். மாத்திரை தேவைப்படும் என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். இவர்கள் இருவருக்கும் நடுவில் மருத்துவ உளவியலாளர் என்று ஒருவர் உண்டு. அவர் எம்.ஃபில். படித்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். யாரிடம் போனாலும் பைத்தியம் என்று அர்த்தமில்லை. இதை 2025ஆம் வருஷத்திலும் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

இனி என் தம்பி கதை. மகள் போனில் சொன்னதைக் கேட்டு அவன் கத்தவில்லை. அரியரை மன்னித்துவிட்டான். அவனால் தாங்க முடியாதது வேறு. என்னிடம் போன் போட்டுக் கேட்டான்: "வெளியாள்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. பெத்த அப்பன்கிட்ட சொல்லத் தெரியலையா அண்ணா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இன்று பேசவே ஒத்துக்கொண்டேன். ஏனென்றால் இது அன்பில்லாத தகப்பன் கேட்கிற கேள்வி இல்லை.

வங்கியில் கிளார்க்காக இருந்த யாரையும் கேளுங்கள். மாலையில் கணக்கு டேலி ஆகாது. 270 ரூபாய் இடிக்கும். நாமே நான்கு முறை கூட்டுவோம், நான்கு முறையும் அதே தொகைதான் வரும். பக்கத்து கவுன்ட்டர்காரர் வந்து ஒரு பார்வை பார்ப்பார். "வித்தியாசம் ஒன்பதால வகுபடுதே, எங்கேயோ எண் இடம் மாறியிருக்கும்" என்று சொல்லி, 520 என்று இருப்பதை நாம் 250 என்று எழுதியிருப்பதை ஒரு நிமிஷத்தில் காட்டிவிடுவார். அவர் நம்மைவிடப் புத்திசாலி இல்லை. அந்த எண்ணை எழுதியது அவர் கை இல்லை, அவ்வளவுதான். எழுதிய கண்ணுக்கு எழுதினபடியேதான் தெரியும்.

வெளியாளிடம் சொல்ல முடிவதும் இதனால்தான். நமக்கும் பிள்ளைக்கும் நடுவே 20 வருஷத்துக் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது, அப்பா பழைய வண்டியையே ஓட்டிக்கொண்டிருப்பது, எல்லாம் அதற்குத் தெரியும். நம்மிடம் ஒரு தோல்வியைச் சொன்னால் நம் துக்கத்தையும் சேர்த்து அது சுமக்க வேண்டியிருக்கும். கவுன்சிலரிடம் அந்தக் கணக்கு ஏதும் இல்லை. அவர் முகம் வாடுமே என்று கவலைப்பட வேண்டியதில்லை. பிள்ளை நம்மிடம் சொல்லாததற்குப் பாதிக் காரணம் நம்மீது உள்ள பாசம்தான்.

தம்பி அதோடு நிற்கவில்லை. மறுநாள் கல்லூரிக்குப் போன் போட்டு, மகள் என்னவெல்லாம் சொன்னாள் என்று கவுன்சிலரிடமே கேட்டான். அவர், "உங்க மகள் பத்திரமா இருக்காங்க சார். என்ன பேசினாங்கங்கிறதை அவங்ககிட்டயே கேளுங்க" என்று பணிவாகச் சொல்லி வைத்துவிட்டார். தம்பிக்குக் கோபம். "ஃபீஸ் கட்டறது நான்!"

அவனுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வங்கியில் யார் வேண்டுமானாலும் யார் கணக்கிலும் பணம் போடலாம். பணம் போட்டவர் என்பதற்காகப் பேலன்ஸ் கேட்க முடியாது. மைனர் கணக்கில் அப்பா கார்டியனாகக் கையெழுத்துப் போடுவார். பிள்ளைக்கு 18 முடிந்த அன்றோடு அந்தக் கையெழுத்து செல்லாது; புதிதாகப் பிள்ளையின் கையெழுத்தை வாங்கி அட்டையில் ஒட்டுவோம். அதன்பிறகு அப்பாவே கவுன்ட்டரில் வந்து நின்று "என் பையன் கணக்குல எவ்வளவு இருக்கு?" என்று கேட்டால் சொல்ல மாட்டோம். சண்டை போட்ட அப்பாக்கள் உண்டு. ஆனால் அப்படிச் சொல்லிவிடுகிற வங்கியில் யார் பணம் போடுவார்கள்? கவுன்சிலர் அறைக்கும் முதல் என்று இருப்பது இந்த ரகசியம் ஒன்றுதான். ஒரு பெண் சொன்னது ஒரு முறை வெளியே வந்துவிட்டால், அந்த விடுதியிலிருந்து அடுத்த பெண் வரமாட்டாள்.

பி.காம். படித்தவர்கள் வங்கிச் சட்டப் பாடத்தில் 1924ஆம் ஆண்டின் டூர்னியர் வழக்கைப் படித்திருப்பீர்கள். வாடிக்கையாளரின் ரகசியத்தை வங்கி எப்போதெல்லாம் வெளியிடலாம் என்று விதிவிலக்குகளைச் சொன்ன இங்கிலாந்து வழக்கு. கவுன்சிலருக்கும் விதிவிலக்கு உண்டு. பிள்ளையின் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், காப்பாற்றுவதற்கு யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்வார். சட்டம் கேட்டால் சொல்வார். நல்ல கவுன்சிலர் இதை முதல் நாளே மாணவரிடம் விளக்கிவிடுவார். ஆகவே நமக்கு எதுவும் சொல்லவில்லை என்றால், அதுவே ஒருவகையில் ஆறுதலான செய்தி. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவும் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 115ஆவது பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்று கொண்டு, அவரைத் தண்டிக்காமல் பராமரிக்கச் சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்கிற குடும்பங்கள் இன்னமும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

"வேலைக்குப் போகும்போது தெரிந்துவிடாதா?" என்று போன வாரம் நடைப்பயிற்சியில் ஒருவர் கேட்டார். மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். கவுன்சிலரிடம் போனாரா என்று அதில் ஒரு கட்டமே கிடையாது.

எல்லா அறையும் நல்ல அறை என்று சொல்ல மாட்டேன். சில கல்லூரிகளில் கவுன்சிலர் காகிதத்தில் மட்டும் இருப்பார். சில இடங்களில் அறை முதல்வர் அறைக்கு எதிரே, கண்ணாடிக் கதவோடு இருக்கும். போக வேண்டுமானால் துறைத் தலைவரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்! இன்னும் சில இடங்களில், 20 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்று வழிகாட்டியாகப் போட்டுவிட்டு, அவரையே கவுன்சிலர் என்று கணக்குக் காட்டுகிறார்கள். அந்த ஆசிரியர் தங்கமானவராகவே இருக்கட்டும். இன்டர்னல் மார்க் போடுகிறவரும் வருகைப்பதிவு எடுக்கிறவரும் அவர்தானே? வங்கியில் பணத்தை எண்ணுகிறவரும் அதைச் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று விதி. மார்க் போடுகிற கையிடம் எந்தப் பிள்ளையும் மனசைத் திறக்காது.

நம்மில் பலர் அடுத்த வருஷம் பிள்ளையையோ பேரனையோ சேர்க்கப் போவீர்கள். வேலைவாய்ப்பு எத்தனை சதவீதம், விடுதியில் ஏசி உண்டா, சாப்பாடு எப்படி என்று கேட்கிறோம் இல்லையா? கூடவே கவுன்சிலர் முழுநேரமா, வாரத்தில் எத்தனை நாள், என்ன படித்தவர், அறை எங்கே, யாரிடமாவது அனுமதி வாங்கித்தான் போக வேண்டுமா, அவர் எழுதி வைப்பதை வேறு யார் பார்க்கலாம், இரவு 10 மணிக்கு விடுதியில் ஒரு பிள்ளைக்கு முடியவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் கேளுங்கள். சேர்க்கை மேஜையில் இருப்பவர் ஒரு நிமிடம் விழிப்பார். பத்து பெற்றோர் கேட்டால் பதினோராவது பெற்றோருக்கு அச்சடித்த தாளே தருவார்கள்.

கவுன்சிலர் பேசிப் பேசியே தீர்த்துவிட முடியாத கவலைகளும் உண்டு. அரியரும் கடனும் அப்படி. அதற்கு விவரம் வேண்டும். கல்விக் கடன் மேஜையில் நான் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்ததால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். "நான் ஃபெயில் ஆனா பேங்க் அப்பா மேல கேஸ் போட்டுடும்" என்று நினைத்து ராத்தூக்கம் இல்லாமல் கிடக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, படிப்புக் காலமும் அதன்பிறகு ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை. குறித்த காலத்தில் படிப்பு முடியவில்லை என்றால், அதிகபட்சம் 2 வருஷம்வரை நீட்டிப்புத் தர அந்தத் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. தானாக நடக்காது, கிளையில் போய் எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். வட்டி ஓடிக்கொண்டிருக்கும், அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் கேஸ் இல்லை, ஜப்தி இல்லை. அதேபோல அண்ணா பல்கலைக்கழக விதிகளில், நான்கு வருஷப் பொறியியல் படிப்பை முடிக்க 14 செமஸ்டர்வரை, அதாவது 7 வருஷம்வரை கால அவகாசம் இருக்கிறது. தக்க காரணம் காட்டி, அனுமதி பெற்று, இடையில் படிப்பை நிறுத்திவைத்துத் திரும்பவும் சேரலாம். இந்த இரண்டு விவரமும் தெரிந்திருந்தால் என் தம்பி மகளே பாதிப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டாள்.

விதியை மாற்றியே உயிரைக் காக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. முன்பெல்லாம் பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறினால் கல்லூரிக்குப் போவது ஒரு வருஷம் தள்ளிப்போகும். சிநேகா அமைப்பை 1986இல் சென்னையில் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் அரசிடம் வலியுறுத்தியதில், தவறிய பாடத்தை உடனடியாக எழுதி அந்த வருஷமே சேரும் துணைத் தேர்வு வந்தது. அதன்பிறகு தேர்வுத் தோல்வியால் நேரும் மரணங்கள் நம் மாநிலத்தில் குறைந்தன. ஒரு வருஷம் என்பது நமக்கு ஒரு காலண்டர். 17 வயதில் அது ஆயுசு.

இனி கொஞ்சம் நம் பக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் குடியிருப்பு என்று வைத்துக்கொள்ள வேண்டாம். இதே சாலையில் இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். செமஸ்டர் நடுவே ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். சிகிச்சையில் இருக்கிறான், மூன்று மாதம் ஓய்வு. முதல் வாரத்திலேயே லிஃப்டில் விசாரணை. "என்னப்பா லீவா?" "எங்க பையனுக்கு லீவு இல்லையே!" "பிளேஸ்மென்ட் வந்துடுச்சா?" யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, லிஃப்டில் வேறு என்ன பேசுவது? அவன் அம்மா என்னிடம் சொன்னார்: "நாலு மாடியும் படியிலதான் சார் இறங்கறான். அப்புறம் இறங்கறதையே நிறுத்திட்டான்." டாக்டர் அவனுக்கு எழுதிக்கொடுத்ததில் ஒன்று, தினமும் காலை அரைமணி நேரம் வெயிலில் நடப்பது. மாத்திரையை அவன் சாப்பிட்டான். நடையை நாம் சாப்பிட்டுவிட்டோம். லிஃப்டில் "காபி ஆச்சா?" என்று கேளுங்கள். மழை வருமா என்று கேளுங்கள். படிப்பைக் கேட்காதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிளேஸ்மென்ட் கடிதத்தைப் போடுகிறவர்களை நான் தடுக்கவில்லை. நம் குடியிருப்புக் குழுவில் போட வேண்டாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். பொதுக்குழுவில் வைக்கிறேன் என்றிருக்கிறார். ஆட்சேபம் வரும். வரட்டும், பேசுவோம்.

எண்கள். 14416. இது 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் இயங்குகிறது. 24 மணி நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம். பயிற்சி பெற்ற கவுன்சிலர் முதலில் பேசுவார். தேவையானால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். கல்லூரியில் இருப்பவரிடம் போகக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு இது நல்ல வழி, முகம் காட்ட வேண்டியதில்லை. பெற்றோரும் பேசலாம், பிள்ளை வர மறுக்கிறது, நான் என்ன செய்வது என்று கேட்கலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கிறது. சிநேகாவின் எண் 044-24640050. நேரில் பார்க்க வேண்டுமானால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளர் பிரிவு உண்டு, செலவில்லை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையைச் சொன்னால் நம் தலைமுறை முகம் சுளிக்கும். 1794இல் தொடங்கிய இடம் அது, அத்தனை காலத்துக் கேலிப்பேச்சும் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே புறநோயாளர் பிரிவில் காலையில் வரிசையில் நிற்பவர்கள் உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் இதெல்லாம் வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். ஆள் வரும்வரை பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: உடல் நோய்க்கு எப்படியோ அதே அடிப்படையில் மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிறது. பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் ஞாயிறு காலை என்னிடம் கொண்டுவாருங்கள்.

தம்பி மகள் இப்போது இறுதியாண்டு. அரியர் மூன்று போய்விட்டது, ஒன்று பாக்கி. கணக்கு. அவள் அப்பாவுக்கும் அதில்தான் அரியர் இருந்தது என்பது இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. ஒத்திகை பார்க்காமலேயே அவனே சொல்லிவிட்டான்.

கூட்டம் தொடங்குமுன் பெயர் போடாமல் கேள்வி எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தோம். ஆறு சீட்டு வந்திருக்கிறது. ஐந்துக்கு மேலே பதில் வந்துவிட்டது. ஒன்று இப்படி இருக்கிறது: "என் மகன் வாரத்தில் ஒரு நாள் ஆன்லைனில் கவுன்சிலரிடம் பேசுகிறான் என்று தெரிந்துகொண்டேன். அவனுக்கு எனக்குத் தெரியும் என்று தெரியாது. நான் காட்டிக்கொள்ளவா, வேண்டாமா?"

அம்மாவா அப்பாவா தெரியவில்லை. பேசுகிறான் அல்லவா, முதல் பயம் உங்களுக்குக் குறையட்டும். என்ன பேசினான் என்று கேட்க வேண்டாம், கதவருகே நிற்கவும் வேண்டாம். அவன் பேசுகிற நேரம் உங்களுக்கு இப்போது தெரியும். அந்த ஒரு மணி நேரம் அவனைக் கடைக்கு அனுப்பாதீர்கள், மிக்ஸியைப் போடாதீர்கள், வைஃபையை நிறுத்தாதீர்கள். ஒரு நாள் அவனாகச் சொல்வான். சொல்லாமலும் போகலாம். சொன்னால், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பான்; அதற்குப் பொய் சொல்லாதீர்கள்.

14416 எண்ணை நான்கு லிஃப்டிலும் செக்யூரிட்டி அறையிலும் ஒட்டச் செயலாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஸ்டிக்கர் செவ்வாய்க்கிழமை வருகிறது. டீ வெளியே வைத்திருக்கிறார்கள், ஆறுவதற்குள் போவோம்.